வரலாற்றுக் குறிப்பானா, வரலாற்றுப் பலகையா?

திருத்தத்துக்கு வந்த மொழிபெயர்ப்பு ஒன்றின் முதல் வரி இது: "இராணுவத் தளத்தில் பல வரலாற்றுக் குறிப்பான்களும் போர் நினைவிடங்களும் அமைந்துள்ளன." படித்ததும் சிவப்பு மையைத் தேடினேன். 'குறிப்பான்' என் கண்ணில் படுவது இது முதல் முறை அல்ல. சுற்றுலாக் கையேட்டில் பார்த்திருக்கிறேன், ஆவணப்படத்தின் வசன வரிகளில் பார்த்திருக்கிறேன், அருங்காட்சியக விளக்கம் ஒன்றிலும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரியில் ஒரு சொல் சரியாக இருக்கிறது: தளம். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆங்கில 'பேஸ்' என்பதை 'இராணுவ அடிப்படை' என்று எழுதியவர்களையும் எனக்குத் தெரியும்.

முதலில் ஆங்கில மூலச் சொற்களைப் பார்த்துவிடுவோம்: குறிப்பானுக்கு ஹிஸ்டாரிக்கல் மார்க்கர், போர் நினைவிடத்துக்கு வார் மெமோரியல். மெமோரியல் என்பது நினைவு எனப் பொருள்படும் லத்தீன் 'மெமோரியா'விலிருந்து வந்தது. அதன் உறவுக்காரன்போல எங்கும் கூடவே வரும் மான்யுமென்ட் வேறு வேரிலிருந்து வந்தது; நினைவூட்டுதல், எச்சரித்தல் என்று பொருள்படும் வினை அதன் மூலம். மார்க்கரில் இருக்கும் 'மார்க்' பழைய ஜெர்மானியச் சொல். எல்லை என்பது அதன் முதற்பொருள். எல்லையைக் காட்டும் அடையாளம் என்பது அடுத்து வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். சிக்கல் வேரில் இல்லை, பொருளில் இருக்கிறது.

படைத்தளம் ஒன்றுக்குள் நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதை ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பம், அதன் தலையில் வார்ப்பு உலோகத் தகடு. விரலை வைத்துத் தடவினால் எழுத்துகள் புடைத்துத் தெரியும். இந்த இடத்தில் முன்பு ஓடுபாதை இருந்தது, இங்கே கள மருத்துவமனை இயங்கியது என்று ஏழெட்டு வரி. படித்து முடித்தால் நகர்ந்துவிடலாம். இதுதான் ஆங்கிலத்தில் ஹிஸ்டாரிக்கல் மார்க்கர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927-இலேயே நெடுஞ்சாலை ஓரங்களில் இத்தகைய தகடுகளை நடத் தொடங்கிவிட்டது. காரில் போகிறவர் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. லண்டனில் வீட்டுச் சுவர்களில் பதிக்கும் வட்டமான நீலத் தகடுகளின் கதை 1866-இல் தொடங்குகிறது. அவையும் இதே குடும்பம்தான்.

இன்னும் நூறு அடி நடந்தால் ஒரு கருங்கல் சுவர். அதில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். கீழே வாடிய மலர்வளையம் ஒன்று. இங்கே செய்தி என்று எதுவும் இல்லை. பெயர்களைப் படித்துவிட்டு யாரும் சட்டென்று நகர்வதும் இல்லை. இது வார் மெமோரியல்.

முன்னது தெரியாதவருக்குச் செய்தி சொல்ல நிற்கிறது, பின்னது இறந்தவருக்காக நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் 'நினைவுச் சின்னம்' என்று ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தோம். அது தவறு என்று உணர்ந்தவர்கள் திருத்தக் கிளம்பினார்கள். திருத்தியதில் பிறந்ததுதான் குறிப்பான்.

குறிப்பான் மீது எனக்கு என்ன கோபம்? முதலாவது, காது. 'வரலாற்றுக் குறிப்பான்' என்றால் யாரோ ஒருவன் வரலாற்றைக் குறித்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் கேட்கிறது. நாளை வருவான், பார்ப்பான், குறிப்பான். பன்மையில் போட்டால் இன்னும் மோசம். இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: துடைப்பான் இல்லையா, அழிப்பான் இல்லையா, அவற்றை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டாய்? ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் துடைப்பான் துடைக்கிறது, அழிப்பான் அழிக்கிறது. கையில் எடுத்தால் வேலை செய்யும் கருவிகள் அவை. பேனா வகையில் ஒன்றைக் குறிப்பான் என்றால்கூடச் சண்டைக்கு வர மாட்டேன். அது உண்மையிலேயே குறிக்கிறது. குருதியில் தோன்றி நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளை அறிவியல் கட்டுரைகளில் குறிப்பான் என்று எழுதுகிறார்கள். அங்கேயும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பத்தின் மேல் இருக்கும் தகடு எதைக் குறிக்கிறது? "இடத்தைக் குறிக்கிறது" என்பார்கள். இடத்தை மட்டும் குறிப்பதற்கு ஒரு கழி போதுமே, ஏழெட்டு வரி எதற்கு? இந்தப் பொருளின் உயிர் எழுத்தில் இருக்கிறது. எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அது வெறும் தகடு. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் 'மார்க்'கைப் பார்த்தார், அகராதியில் 'குறி' கிடைத்தது, விகுதியை ஒட்டினார், வேலை முடிந்தது. பொருளை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவர் வாயிலிருந்து தானாகவே வந்திருக்க வேண்டிய சொல் 'பலகை'. பெயர்ப்பலகை, அறிவிப்புப் பலகை, தகவல் பலகை என்று தினமும் சொல்கிற அதே பலகை. வரலாற்றைச் சொன்னால் வரலாற்றுப் பலகை. பலகை என்றால் மரம்தானே என்று சிலர் மூக்கை நுழைக்கலாம். கடைகளின் பெயர்ப்பலகைகள் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யாரும் பெயரை மாற்றவில்லை.

கல்லில் செதுக்கியிருந்தால் இன்னும் எளிது: கல்வெட்டு. தொல்லியல் துறை படியெடுப்பது மட்டும்தான் கல்வெட்டு என்பதில்லை. கட்டடத் திறப்பு விழாவில் திரையை விலக்கிக் காட்டும் பளிங்குப் பலகையையும் எல்லோரும் கல்வெட்டு என்றுதான் சொல்கிறோம்.

தமிழ் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பெயர் வைக்கும் முறையைக் கவனியுங்கள். மைல்கல், எல்லைக்கல், அடிக்கல், நடுகல், சுமைதாங்கிக் கல், கொடிமரம், வெற்றித்தூண். முதலில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறது, பிறகு எதற்கு நிற்கிறது என்று முன்னொட்டாகச் சேர்க்கிறது. மைல்கல்லை 'தொலைவுக் குறிப்பான்' என்று நம் முன்னோர் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாழ்க்கையில் மைல்கல்லைத் தொட்டேன் என்று சொல்வதற்குப் பதில் என்னத்தைத் தொட்டிருப்போமோ!

அந்த வரியின் இரண்டாம் குற்றவாளிக்கு வருகிறேன்: போர் நினைவிடம். இன்றைய வழக்கில் நினைவிடம் என்றால் தலைவர் ஒருவரை அடக்கம் செய்த இடம், அல்லது அவர் எரியூட்டப்பட்ட இடம். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் உடல்தான் நினைவுக்கு வரும். போர் மெமோரியல்களில் பெரும்பாலானவற்றில் உடல் இல்லை. இல்லாததால்தான் அவற்றை எழுப்பினார்கள். உடல் எங்கோ அயல்மண்ணில், சில வேளை கிடைக்காமலேயே. லண்டன் வைட்ஹாலில் நிற்கும் செனோட்டாஃபின் பெயருக்கே கிரேக்கத்தில் 'வெற்றுக் கல்லறை' என்றுதான் பொருள். 1919-இல் மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாக எழுப்பி, மக்கள் விடாததால் 1920-இல் கல்லால் கட்டியது அது. அதைப் போய் நினைவிடம் என்று எழுதினால், இல்லாத உடலை நாம் உள்ளே வைத்துவிட்டோம் என்று ஆகிறது.

விலக்கு உண்டு. ஹவாயின் பேர்ள் ஹார்பர் இன்றும் இயங்கும் கடற்படைத் தளம். 1941 டிசம்பர் 7 தாக்குதலில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலில் 1,177 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் இன்னும் அந்தக் கப்பலுக்குள்ளேயே இருக்கின்றன. அதன் குறுக்கே, கப்பலைத் தொடாமல், ஒரு வெண்ணிற மண்டபத்தைக் கட்டி 1962-இல் திறந்தார்கள். கப்பலிலிருந்து எண்ணெய் இன்றும் சொட்டுச் சொட்டாக மேலே வந்து நீரில் விரிகிறது. அதை நினைவிடம் என்று எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன், அது கல்லறையும்கூட. அதே பகுதியில், ஹிக்கம் விமானத் தளத்தின் பழைய படைவீரர் குடியிருப்புச் சுவரில் அன்று துளைத்த குண்டுகளின் தழும்புகளைப் பூசி மறைக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் நினைவிடமும் அல்ல, நினைவுச் சின்னமாகக் கட்டியதும் அல்ல. அது வெறும் சுவர், தழும்போடு. இத்தகைய சுவருக்குப் பக்கத்தில் நின்று "இது ஏன் இப்படி இருக்கிறது" என்று சொல்வதுதான் வரலாற்றுப் பலகையின் வேலை. சுவர், பலகை, மண்டபம் மூன்றையும் ஒரே சொல்லால் மூடினால் வாசகருக்கு எதுவும் தெரியாது.

நினைவகம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கணினிக்காரர்கள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் வெகுநாளாகிறது. 'போர் நினைவகம்' என்றால் எத்தனை ஜிகாபைட் என்று கேட்கத் தோன்றுகிறது. இலங்கைத் தமிழில் நினைவுத்தூபி என்பது நிலைத்த வழக்கு. உயர்ந்து நிற்கும் கட்டுமானத்துக்கு அது அழகாகவே பொருந்துகிறது. படுத்துக் கிடக்கும் சுவருக்கு என் மனம் ஒப்பவில்லை என்றாலும், வழக்கில் வேரூன்றிய சொல்லோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை.

தனித்தமிழ் நண்பர்களுக்குச் 'சின்னம்' உறுத்துகிறது. வடமொழி 'சிஹ்ன'த்திலிருந்து வந்தது என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக 'நினைவுக்குறி' என்கிறார்கள். குறி என்றதும் எனக்குக் கோலோடு வந்து கையைப் பிடித்துக் குறி சொல்பவள்தான் கண்முன் நிற்கிறாள். போர் நினைவுச் சின்னம் என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. அந்தத் தெளிவை உடைத்துத் தூய்மை வாங்க நான் தயாராக இல்லை. ஆனால் பொதுப்பெயர் தேவைப்படும்போது மட்டுமே அது. கண்முன் நிற்பது தூண் என்றால் நினைவுத்தூண், சுவர் என்றால் நினைவுச்சுவர், வளைவு என்றால் நினைவு வளைவு. பீடத்தின் மேல் மூக்கைத் தூக்கி நிறுத்திவைத்த பழைய போர் விமானத்தை, கீழே யார் பெயரும் இல்லாத நிலையில், நினைவுச் சின்னம் என்று அழைப்பதை நிறுத்துங்கள். அது காட்சிக்கு வைத்த விமானம்.

நடுகல் என்று எல்லாவற்றுக்கும் போடச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பாதி உடன்பாடு. ஆசை எனக்கும் உண்டு. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல் ஒன்றில், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் உள்ள பொறிப்பு 'கல்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஆகோளில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், இறந்தவனுக்கு நட்டது. "என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை முன்நின்று கல்நின் றவர்" என்கிற குறளில் கல் நின்றவர் என்றாலே போரில் இறந்து நடுகல்லானவர். ஆனால் அந்தக் கல் ஒருவனுடைய கல். அவனுக்கு மயிற்பீலி சூட்டினார்கள், படையல் வைத்தார்கள், வழிபட்டார்கள். ஆயிரம் பெயர் செதுக்கிய சுவரை நடுகல் என்றால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. ஒரே வீரருக்காகத் தளத்துக்குள் ஒரு கல்லை நட்டிருந்தால், தாராளமாக நடுகல் என்று எழுதலாம்.

அகநானூற்றின் 131-ஆம் பாட்டில் இப்படி ஓர் இடம் வருகிறது: "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்." பெயரையும் பெருமையையும் எழுதி, வழிதோறும் நட்ட கல். வர்ஜீனியாக்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் செய்ததும் படைத்தளத்துக்காரர்கள் சுவர் எழுப்பிச் செய்ததும் இந்த ஒரு கல்லுக்குள் சேர்ந்தே இருந்திருக்கின்றன. நாம் இப்போது இரண்டாகப் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது, அதனால் இரண்டு சொல் வேண்டும். இவ்வளவு இருப்பில் இருக்கும்போது, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் ஈடு வைக்கும் வேலைதான் எனக்குப் புரியவில்லை. இப்போது இயந்திரமும் அதையே செய்கிறது, இன்னும் வேகமாக. அது கற்றுக்கொண்டது நாம் எழுதிவைத்ததிலிருந்துதான் என்பதால் அதன் மேல் மட்டும் பழி போட முடியவில்லை.

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "படைத்தளத்துக்குள் வரலாற்றுப் பலகைகள் பலவும் போர் நினைவுச் சின்னங்களும் இருக்கின்றன." 'அமைந்துள்ளன'வையும் எடுத்துவிட்டேன், அதற்குத் தனியாக ஒரு கட்டுரை பாக்கி இருக்கிறது. மறுநாள் பதில் வந்தது. பலகை சரி, ஆனால் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகிறதே, 'வரலாற்றுத் தகவல் குறிப்பான் பலகை' என்று போடலாமா என்று கேட்டிருந்தார்கள்.