பாலிசி ஃபைல்: ‘கொள்கைக் கோப்பு’ அல்ல, ‘இசைவுக் கோப்பு’

எந்தப் புரோகிராம் தன்னை அணுகலாம் என்று ஒரு சர்வர் சொல்லும் கோப்புக்கு ஆங்கிலத்தில் கிளையன்ட் ஆக்சஸ் பாலிசி என்று பெயர். அதை ‘வாடிக்கையாளர் அணுகல் கொள்கை’ என்று குன்னூர்ப் பக்கம் கணினி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இங்கே கிளையன்ட் என்பது ஒரு புரோகிராம். கடைக்கு வரும் வாடிக்கையாளர் அல்ல. அது தனிப் பஞ்சாயத்து. ‘கொள்கை’யை மட்டும் இப்போது பார்ப்போம்.

பாலிசி, நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. ஆட்சிமுறை என்பது பழைய பொருள். கொள்கை, ‘கொள்’ என்ற வினையடியில் பிறந்தது. மனத்தில் கொள்வது கொள்கை.

சரி, அந்தக் கோப்பு என்ன செய்கிறது? சில்வர்லைட் என்பது பிரவுசருக்குள் புரோகிராம் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்த மென்பொருள். அதில் ஓடும் புரோகிராம் ஒன்று சாக்கெட், அதாவது சர்வருடன் நேரடி இணைப்பு, திறக்க வேண்டுமானால், முதலில் சர்வரின் 943ஆம் போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாசலுக்கு)ப் போய் 22 எழுத்துள்ள ஒரு கோரிக்கையை அனுப்பும். அங்கே காத்திருக்கும் சின்ன சர்வர் அதைப் படித்து, குறிகளால் எழுதிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. எந்தத் தளத்திலிருந்து வந்த புரோகிராம், 4502 முதல் 4534 வரையிலான போர்ட்டுகளில் எதைத் தொடலாம் என்று அந்தக் கோப்பு சொல்லும். 2021 அக்டோபரில் சில்வர்லைட்டுக்கு ஆதரவு நின்றுபோனாலும், சாக்கெட் பழக இது நல்ல பயிற்சி.

கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பவை ‘அலவ்-ஃப்ரம்’, ‘கிராண்ட்-டூ’ என்ற இரண்டு முக்கியக் குறிகள். இன்னாரிடமிருந்து வந்தால் விடு, இன்னதைத் தொட விடு. இதில் கொள்கை எங்கே இருக்கிறது? ஓர் உதாரணம். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சுற்றுலா நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பது கொள்கை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டியை விடு, மற்றவர்களிடம் பாஸைப் பார் என்று கல்லாறு சோதனைச்சாவடியில் இருப்பவருக்குச் சொல்லப்பட்டது கொள்கை அல்ல, யாரை விடலாம் என்ற உத்தரவு. நம் எக்ஸ்எம்எல் கோப்பும் அந்த வகைதான்.

‘தனியுரிமைக் கொள்கை’ நிலைத்துவிட்டதே என்பார்கள். நிலைக்கட்டும். அங்கே ஒரு நிறுவனம் தான் எப்படி நடந்துகொள்வேன் என்று சொல்கிறது, சொல் பொருந்துகிறது. இங்கே அடுத்தவருக்கு வழிவிடுவதுதான் பேச்சு. ‘கொள்கைக் கோப்பு’ என்றால் கோட்டையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அரசுக் கோப்புதான் நினைவுக்கு வரும். மாணவர் அதைக் கேட்டு எதைப் புரிந்துகொள்வார்?

என் பரிந்துரை ‘இசைவு’. இசைவுக் கோப்பு, அணுகல் இசைவு, இசைவு சர்வர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை ‘இசைவாணை’ என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ‘அனுமதி’ வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அனுமதிக் கோப்பு என்றாலும் பொருள் கெடாது. கொள்கை என்றால் கெடுகிறது.

அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான் கோபம் வருகிறது. கோப்பை ஒருமுறை திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது சில்வர்லைட் கோப்பின் இடத்தில் கோர்ஸ் இருக்கிறது. ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் சர்வரைத் தொடலாமா என்று பிரவுசர் பார்க்கும் முறை அது. அதையும் ‘குறுக்குமூலக் கொள்கை’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்காக சர்வர் தன் பதிலோடு அனுப்பும் தலைப்புவரியிலும் இருப்பது ‘அலவ்’தான்.