ஊசி போன வழி

மாலையில் பந்தடித்துவிட்டு வந்த பிள்ளை "முழங்காலுக்குக் கீழ உளையுது அம்மா" என்றால், யாழ்ப்பாணத்தில் முதலில் கைக்கு வருவது நல்லெண்ணெய். அடுத்தது முறிவு நெரிவு வைத்தியரின் பற்று. அநேகமான உளைவு தானாகவே ஆறிவிடும். ஆனால் விளையாடாத நாளிலும் நோகிறது, நடுச்சாமத்தில் எழுப்புகிறது, எலும்போடு ஒட்டிய வீக்கம் கையில் தட்டுப்படுகிறது என்றால், உருவுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்பு கிடுகிடுவென வளரும் பதின்ம வயதில் வரும் எலும்புப் புற்றுநோய் ஒஸ்ரியோசார்கோமா. அது அதிகம் தேடிப்போகும் இடம் முழங்காலைச் சுற்றித்தான்: தொடையெலும்பின் கீழ்முனை, அதற்கடுத்துக் கணைக்கால் உள்ளெலும்பின் மேல்முனை. (இரவில் நோகும் கட்டியெல்லாம் புற்று அல்ல. அஸ்பிரினுக்கு அடங்கும் ஒரு சிறு கட்டியும் உண்டு. சூடேற்றிய ஊசியால் அதைச் சுட்டே அழித்துவிடலாம்.)

எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் தரும். முடிவு சொல்வது பயொப்சி: கட்டிக்குள் ஊசி விட்டு, நூல்போன்ற துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. சின்ன வேலை என்று நினைக்கிறோம். இல்லை. ஊசி வந்த வழியெங்கும் புற்றுக்கலங்கள் சிந்தியிருக்கலாம்; பின்னர் கட்டியை வெட்டும்போது அந்த வழியையும் சேர்த்தே வெட்ட வேண்டும். ஊசி மூட்டுக்குள்ளாலோ முக்கிய நரம்பை ஒட்டியோ போய்விட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே எடுக்க நேரலாம். அதனால்தான் எம்.ஆர்.ஐ. முதலில், ஊசி பிறகு. குத்துபவர், வெட்டப்போகும் நிபுணராகவோ அவரோடு கலந்து இடம் குறித்தவராகவோ இருக்க வேண்டும். "ஏன் இன்னும் பயொப்சி எடுக்கேல்லை" என்று பதறும் பெற்றோரே, அந்தச் சில நாள் வீணல்ல.

நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று சி.ரி. ஸ்கான் பார்ப்பார்கள். பிறகு சுமார் 10 வாரம் கீமோ, அதாவது புற்றுக்கலங்களைக் கொல்லும் மருந்து. கீமோ என்றால் இங்கே பலருக்கும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைதான் ஞாபகம் வரும். அதன் பின்பே சத்திரசிகிச்சை.

உங்கள் கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: தோல், உடனே எலும்பு. சதையே இல்லை. கட்டி இந்த எலும்பின் மேல்முனையில் என்றால், நோயுற்ற எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டை வைக்கும்போது, மெல்லிய தோலுக்குக் கீழே அது எளிதில் கிருமிக்கு இரையாகலாம். ஆகவே கெண்டைக்கால் தசையின் உட்பாதியைப் பின்னாலிருந்து முன்னுக்குத் திருப்பி, உலோகத்தின்மேல் போர்த்துகிறார்கள். காலை நீட்டவைக்கும் முழங்கால்சில்லுத் தசைநாண் தன் பிடிமானத்தை இழந்திருக்கும். அதையும் இந்தத் தசையோடு தைத்துவிடுவார்கள். கட்டி முக்கிய நரம்பையும் குருதிக்குழாயையும் சுற்றி வளைத்திருந்தால் காலை எடுப்பதே பாதுகாப்பு.

வெட்டியெடுத்த எலும்பு ஆய்வுகூடத்துக்குப் போகும். கட்டியில் 90 சதவீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் கீமோ நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். அந்தத் துண்டோடு, ஊசி குத்திய தழும்புள்ள தோலும் ஒட்டியே இருக்கும்.