தொகையீடு

இடத்துக்கு இடம் மாறும் ஓர் அளவை மிக நுண்ணிய கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறின் பங்கையும் கணக்கிட்டு, அவை அனைத்தையும் சேர்த்து முழு மதிப்பைக் காண்பதே தொகையீடு. 'இன்டெக்ரல்' என்பதற்கு இது ஈடான சொல்.

'குறைவுபடாத, முழுமையான' என்று பொருள்படும் 'இன்டெகர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த அப்பெயரை 1690இல் கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி அச்சில் பயன்படுத்தினார். ஆனால் மற்றொரு கணிதவியலாளரான லைப்னிட்சு 1675இலேயே, கூட்டுத்தொகையைக் குறிக்கும் 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி, இன்றும் நாம் எழுதும் ∫ என்ற குறியீட்டை வகுத்திருந்தார். 'தொகு' என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல் பெர்னூலியின் பெயரைவிட லைப்னிட்சின் குறியீட்டுக்கே நெருக்கமானது. செயலைத் 'தொகையிடல்' என்றும், அதனால் கிடைப்பதைத் 'தொகையீடு' என்றும் பிரித்தாள்வது தெளிவு தரும்.

சூரியனின் நிறையை அதன் அடர்த்தியிலிருந்து கணக்கிட முயன்றால் இச்சொல்லின் தேவை விளங்கும். அடர்த்தி எங்கும் ஒன்றாக இருந்தால் அதைக் கன அளவால் பெருக்கினாலே போதும். சூரியனின் மையத்திலோ அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம், சராசரி 1.41 கிராம் மட்டுமே. மைய அடர்த்தியை முழுக் கோளத்துக்கும் பொருத்தினால், உண்மையான நிறையைப் போல் நூறு மடங்குக்கும் மேலான விடை வரும். ஆகவே சூரியனை வெங்காயம்போல் மெல்லிய கோளக்கூடுகளாகப் பகுக்கிறோம். ஆரத்தின் வர்க்கத்தை 4π-ஆல் (π, அதாவது பை, ஏறத்தாழ 3.14) பெருக்கினால் ஒரு கூட்டின் பரப்பு. அதை அதன் தடிப்பாலும் அங்குள்ள அடர்த்தியாலும் பெருக்கினால் அக்கூட்டின் நிறை. மையத்திலிருந்து மேற்பரப்பு வரை இவற்றைத் தொகையிட்டால் முழு நிறை கிடைக்கும்.

அடர்த்தி மையத்திலிருந்து நேர்கோட்டில் குறைந்து மேற்பரப்பில் சுழியாகிறது என்று கொண்டால், சராசரி அடர்த்தி மைய அடர்த்தியில் சரியாகக் கால்பங்கு என விடை வருகிறது. பயிற்சிக் கணக்குக்கு அழகான விடைதான். சூரியனுக்கு அது பொருந்தாது, ஏனெனில் 150இல் கால்பங்கு 37.5, உண்மைச் சராசரியோ 1.41. தொகையிடும் முறையில் பிழையில்லை. எடுத்துக்கொண்ட அடர்த்தி விதியே தவறு. சூரியனில் அடர்த்தி அதைவிட மிக விரைவாகச் சரிவதால், ஆரத்தின் முதல் கால்பகுதிக்குள், அதாவது மொத்தக் கன அளவில் 64இல் ஒரு பங்குக்குள், ஏறத்தாழப் பாதி நிறை அடங்கிவிடுகிறது.