கல்லீரல் கட்டி ஆறினாலும் குடலில் தங்கும் அமீபா

காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக வருகிற நடுவயது ஆண்களில் பலர், வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து சில நாட்கள் மாத்திரை போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வலி சிலருக்கு வலது தோள்வரை ஏறும். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கும். அமீபா என்ற ஒட்டுண்ணியால் வந்த கட்டி என்று சொன்னால், "வயிற்றுப்போக்கே இல்லையே டாக்டர், அமீபா எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லீரலில் கட்டி வரும்போது பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கு இருப்பதில்லை. மலப் பரிசோதனையிலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.

என்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற இந்த ஒட்டுண்ணி, மலம் கலந்த தண்ணீரிலும் உணவிலும் சிஸ்ட் வடிவில், அதாவது கெட்டியான உறைக்குள் ஒடுங்கிய நிலையில், உள்ளே போகிறது. பெருங்குடலில் அது பலருக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் கிடக்கும். குடல் சுவரின் மேல் கெட்டியான சளிப்படலம் இருக்கிறதே, அதுதான் முதல் தடுப்பு. அமீபா அந்தச் சளியின் சர்க்கரைகளைப் பிடித்து ஒட்டிக்கொண்டு, சிஸ்டீன் புரோட்டியேஸ் என்னும் புரதம் வெட்டும் நொதிகளைச் சுரக்கிறது. சளிப்படலம் கரைகிறது, அடுத்து செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதங்கள். நம் உடல் அனுப்பும் எதிர்ப்புப் புரதங்களையும் இதே நொதிகள் துண்டாக்கிவிடுகின்றன.

செல்லை எப்படிக் கொல்கிறது என்பதில் 2014-இல் ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. அமீபா உயிருள்ள செல்லை அப்படியே விழுங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்கிறது. கடிபட்ட செல்லுக்குள் கால்சியம் ஏறி, அது செத்துப்போகிறது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: கடித்த செல்லின் மேலுறைப் புரதங்களை அமீபா தன் மேல் போர்த்திக்கொள்கிறது. அதனால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பு சக்திக்கு அது எளிதில் சிக்குவதில்லை.

இப்படிக் குடல் சுவரைத் துளைத்தவை ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலை அடைகின்றன. ஊசி வைத்து எடுக்கும்போது சாக்லேட் நிறத்தில் வருவது பெரும்பாலும் கரைந்துபோன கல்லீரல்தான். அமீபாக்கள் கட்டியின் ஓரச்சுவரில் இருப்பதால், அந்தச் சீழிலும் அவை சிக்குவது குறைவு. பெண்களைவிட ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல்.

மலப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'அமீபா சிஸ்ட் உள்ளது' என்று பார்த்ததும் பதற வேண்டாம். என்டமீபா டிஸ்பார் என்ற தீங்கற்ற உறவினர் மைக்ரோஸ்கோப்பில் அச்சு அசலாக இதேபோல் இருக்கும். மேலே சொன்ன புரதம் வெட்டும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு டிஸ்பாரில் சிதைந்து கிடக்கிறது. எந்த உபாதையும் இல்லாதவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவது சரியில்லை.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதலில் கொடுக்கும் மெட்ரோனிடசோல் உள்ளே போகும்போது செயலற்ற மருந்து. அமீபாவின் சொந்த நொதிகளே அதை நஞ்சாக மாற்றித் தம்மை அழித்துக்கொள்கின்றன. சில நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், எனக்குக் கவலை தருவது இதுதான். இந்த மருந்து சிறுகுடலிலேயே நன்றாக உறிஞ்சப்பட்டுவிடுவதால், பெருங்குடலுக்குள் மிச்சமிருக்கும் அமீபாக்களுக்குப் போதிய அளவு போய்ச்சேராது. அவற்றிலிருந்து நோய் திரும்பவும் வரலாம், மலம் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். அதற்காகத்தான் டைலாக்ஸனைட் ஃபூரோயேட் அல்லது பாரோமோமைசின் என்று இரண்டாவது மருந்து எழுதுகிறோம். உடம்பு தேறிவிட்டது என்று அதை வாங்காமல் விடாதீர்கள். சிகிச்சை முடியும்வரை மதுவைத் தொடவே கூடாது.

வீட்டில் குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். வழக்கமான அளவு குளோரினுக்கு சிஸ்ட் சாகாது. அப்புறம், குணமான பின்பும் ஸ்கேனில் கட்டியின் குழி பல மாதங்கள் தெரியும். காய்ச்சலும் வலியும் இல்லையென்றால், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்தை ஆரம்பிக்க வேண்டியதில்லை.