தண்ணீர் நிற்கும் தெருவுக்கு வரைபடம்: அனுமதி வாங்க வேண்டுமா?

ஏற்காடு பக்கம் வானம் கறுத்தால் சேலத்தில் தாழ்வான தெருக்காரர்கள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவார்கள். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவேதானே ஓடுகிறது. எந்தச் சந்தில் முழங்கால் அளவு, எதில் கணுக்கால் அளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதை வரைபடமாகப் போட்டால் ஏதும் வம்பு வருமோ என்பதுதான் தயக்கம்.

வராது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இந்தியக் குடிமக்கள் முன் அனுமதியோ லைசென்ஸோ இல்லாமல் வரைபடம் தயாரிக்கலாம், வெளியிடலாம். பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடுத்திருக்கும் விவரங்களை மட்டும் குறிக்கக் கூடாது. இடத்தை 1 மீட்டரைவிடத் துல்லியமாகக் காட்டும் தரவு இந்தியாவில் உள்ள சர்வரில்தான் இருக்க வேண்டும். சாதாரண செல்போன் ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியம் கிடையாது, கவலை வேண்டாம்.

சரி, தரவு எங்கே? இஸ்ரோவின் புவன் தளத்தில் நில உயரத் தரவு இலவசம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் மேடு பள்ளம் தெரியும். ஆனால் அது 30 மீட்டர் கட்டம்; ஏறக்குறைய 22 சென்ட் நிலத்துக்கு ஒரே ஓர் உயரம். நம் சந்தே அதற்குள் அடங்கிவிடும்! நீர் எந்தப் பக்கம் சரியும் என்பதற்கு அது போதும், எந்த வாசலில் ஏறும் என்பதற்குப் போதாது.

அதற்கு இன்ச் டேப்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே, சுவரில் சேற்றுக்கோடு அழியுமுன், ரோட்டு மட்டத்திலிருந்து அளந்து, தேதியோடும் செல்போன் காட்டும் இடக்குறியோடும் எழுதிவையுங்கள். சுண்ணாம்பு அடித்துவிட்டால் சாட்சி போயிற்று. பத்து வீடு அளந்தாலே பள்ளம் எங்கே என்று பிடிபடும்.

அப்புறம், ஓடை இருந்த இடம். தமிழக அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்திலேயே புலப்படமும் (நிலத்தின் எல்லையைக் காட்டும் அளவை வரைபடம்) கிடைக்கிறது. இன்றைக்குக் கட்டடம் நிற்கும் இடம் அதில் ஓடையாக இருக்கலாம்.

வடிகாலின் அகலம், ஆழம், சரிவு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாநகராட்சிக்கு மனு போடலாம். ‘ஏன் தண்ணீர் நிற்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘வடிகால் வரைபடத்தின் நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.