யார் விட்ட புகை இது?

"காற்றில் நுண்துகள் இத்தனை மைக்ரோகிராம் என்கிறார்கள். அது லாரிப் புகையா, விறகுப் புகையா என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எடை போடும் கருவிக்குத் தெரியாது. 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கினால் எல்லாத் துகளும் அதற்கு ஒன்றுதான். வேதியியலிடம்தான் கேட்க வேண்டும்.

துகளில் உப்பு, மண், கரி எல்லாம் உண்டு. கணிசமான பங்கு கரிமச் சேர்மங்கள். அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது லெவோகுளுக்கோசான்.

மரத்திலுள்ள செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சங்கிலி அறுகிறது. அறுந்த அலகு தன் இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் போட்டு, இரட்டை வளையமாகிப் புகையோடு கிளம்புகிறது. அதுதான் லெவோகுளுக்கோசான். டீசலில் செல்லுலோஸ் கிடையாது, அதனால் டீசல் புகையில் இது வராது. பழுப்பு நிலக்கரி மட்டும் கொஞ்சம் விடும். மற்றபடி இது தென்பட்டால் ஏதோ ஒரு தாவரம் எரிந்திருக்கிறது.

முன்பெல்லாம் வடிதாளில் துகளைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். இப்போது துகள் நிறமாலைமானி சில நிமிடத்துக்கு ஒருமுறை பதில் சொல்கிறது. அது காற்றை வெற்றிடத்துக்குள் இழுத்து, துகள்களை மெல்லிய கற்றையாக்கி, சுமார் 600 டிகிரியில் இருக்கும் உலோகத்தின் மேல் மோதவிடும். ஆவியான மூலக்கூறுகளை எலக்ட்ரான்கள் தாக்கி நொறுக்கும். அப்புறம் துண்டுகளின் நிறை அளக்கப்படும். அழகு என்னவென்றால், ஒரே வகை மூலக்கூறு எப்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நொறுங்கும். ஹைட்ரஜன் அணுவின் நிறையை 1 என்று வைத்தால், லெவோகுளுக்கோசான் நொறுங்கும்போது நிறை 60-இல் ஒரு துண்டு எழும். எஞ்சின் எண்ணெயின் ஹைட்ரோகார்பன்கள் 57-ஐக் காட்டும். 44 ஓங்கியிருந்தால் வெயிலில் ஆக்சிஜனேறிய பழைய துகள்.

நிஜக் காற்றில் எல்லாம் கலந்துதானே இருக்கும்? எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணினி பார்த்துக் கூட்டணி பிரிக்கும். ஃபின்லாந்தின் பாத்தெரோவும் தாப்பரும் 1994-இல் வெளியிட்ட கணிதம் இது. எந்த மூலத்தின் பங்கும் எதிர்மறையாக வரக்கூடாது என்பது அதன் நிபந்தனை. காற்றிலிருந்து புகையைக் கழிக்கும் அடுப்பு எதுவும் இல்லையே!

காற்றைச் சுத்தம் செய்யக் கோபுரம் கட்டும் பணத்தில் பாதியை இந்தக் கருவிகளுக்கும், அவற்றை இயக்கத் தெரிந்தவர்களின் சம்பளத்துக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி. யார் விடுகிறார் என்று தெரியாமல் யாரைத் தடுப்பது?

ஒரு சிக்கல் உண்டு. லெவோகுளுக்கோசானும் வெயிலில் சிதையும். தொலைவிலிருந்து வந்த விறகுப் புகையில் 60 தேய்ந்து 44 வளர்ந்திருக்கும்; பார்த்தால் பழைய வண்டிப் புகை மாதிரியே இருக்கும். அங்கே கார்பன்-14 கைகொடுக்கிறது; தாவரங்கள் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், மெல்லச் சிதையும் கதிரியக்கக் கார்பன் அது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது துளியும் மிஞ்சாது, விறகில் இருக்கும். சமையல் எண்ணெயிலும் இருக்கும் என்பதுதான் தொல்லை. சரி, அதைப் பிரிக்க மறுபடி துண்டுகளிடமே போக வேண்டும்: சமையல் புகையில் 57-ஐவிட 55 தூக்கலாக நிற்கும்.