ரோஜா, ரோசா, முளரி, பன்னீர்ப்பூ

ரோஜா: பெயர்ச்சொல். முள்ளுள்ள தண்டும், ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகளும் கொண்ட செடி, அதன் பூ. பேச்சு வழக்கில் ரோசாப்பூ. தனித்தமிழில் முளரி. தாவரவியலில் ரோசா என்ற பேரினம். ஆப்பிளும் ஸ்ட்ராபெர்ரியும் இதே குடும்பம்தான்.

இந்தச் சொல் ஆங்கிலத்து 'ரோஸ்' என்பதிலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலம் நமக்குக் கொடுத்தது 'ரோஸ்' மட்டும்தான். ரோஸ் கலர் புடவை, ரோஸ் மில்க் என்று நிறத்துக்கும் சுவைக்கும் அதை வைத்துக்கொண்டோம். ரோஜா அதற்கு முன்பே போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்து இறங்கிய சொல். அவர்கள் மொழியில் பூவின் பெயர் 'ரோசா'. கடைசியில் நிற்கும் அந்த 'ஆ' ஓசையே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது. இன்னொரு தடயமும் இருக்கிறது. போர்ச்சுகீசியத்தில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் சகரம் வண்டின் ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. சிலர் காதில் அது ஜகரமாக விழுந்தது, சிலர் காதில் சகரமாக. மேஜை, மேசை என்று இரண்டு விதமாக எழுதுகிறோமே, அதுவும் இதே கதைதான். அங்கே மூலச்சொல் 'மேசா'. ஆகவே ரோசாப்பூ என்பது ரோஜாப்பூவின் கொச்சை வடிவம் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் பிறந்த உடன்பிறப்புகள். பாட்டி 'ரோசா' என்றால் திருத்த வேண்டியதில்லை.

கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தச் சொல் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ரோசம்மாள் என்ற பெயர் அங்கே சாதாரணம். மாதா பிரார்த்தனையில் மரியன்னையை ரோஜா மலர் என்று விளிக்கும் வரி உண்டு. ஜெபமாலைக்குப் போர்ச்சுகீசியத்தில் உள்ள 'ரொசாரியோ' என்ற பெயரும் ரோஜாத் தோட்டம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் கதை சுவையாகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் குலாபி, இந்தியில் குலாப். இது பாரசீகம். 'குல்' என்றால் பூ, குறிப்பாக ரோஜா; 'ஆப்' என்றால் தண்ணீர். பாரசீகத்தில் 'குலாப்' என்பது ரோஜாத் தண்ணீருக்கே பெயர், செடிக்கு இல்லை. இந்தியாவுக்குள் வந்த பிறகு தண்ணீரின் பெயர் பூவுக்கு ஏறிவிட்டது. குலாப் ஜாமூனில் இருக்கும் குலாப், ஜீராவில் விடுகிற அந்தத் தண்ணீர்தான். குல்கந்தும் இதே வழி: குல், கந்து, பூவும் கற்கண்டும்.

மலையாளத்தைப் பாருங்கள். அங்கே ரோஜாவுக்குப் பனிநீர்ப்பூவு. பனிநீர், அதாவது நம் பன்னீர், குளிர்ந்த நீர். அந்த நீர் தரும் பூ என்பதால் பனிநீர்ப்பூ. பாரசீகச் சொல்லில் நடந்ததே இங்கேயும் நடந்திருக்கிறது: செம்பில் தெளிக்கும் வாசனை நீரிலிருந்து பெயர் பூவுக்குப் போயிருக்கிறது. தமிழிலும் அப்படித்தான். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு, கடையில் பன்னீர் சோடா, நர்சரியில் பன்னீர் ரோஜா. (உணவகப் பட்டியலில் 'பன்னீர்' என்று எழுதப்படும் பாற்கட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 'பனீர்' என்ற வேறொரு பாரசீகச் சொல்.)

இன்னும் பின்னே போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லத்தீன் 'ரோசா'வும் கிரேக்க 'ரோதோன்' என்பதும் பழைய ஈரானிய மொழியின் 'வர்த' போன்ற ஒரு சொல்லோடு தொடர்புள்ளவை என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அரபியில் இன்றும் 'வர்த்' தான். பாரசீகத்தில் அதே 'வர்த' தேய்ந்து 'குல்' ஆனது. அப்படியென்றால் நம் ரோஜாவும் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரின் குலாபியும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒன்று மேற்கே ஐரோப்பாவைச் சுற்றிக் கடல் வழியாக வந்தது, மற்றது நேராகத் தரை வழியாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தனித்தமிழில் எழுதுவோர் முளரி என்கிறார்கள். முள் என்ற வேரிலிருந்து வரும் சொல், முட்செடி என்ற பொருளும் உண்டு, கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் உண்டு. பழைய இலக்கியத்தில் முளரி என்றால் பெரும்பாலும் தாமரை. புறநானூற்று 278ஆம் பாடலில் 'முளரி மருங்கின் முதியோள்' என்று ஒரு கிழத்தாய் வருகிறாள். போர்க்களத்தில் மகனைத் தேடிப் போகும் அந்தத் தாயின் வயிற்றுக்குத் தாமரை இலையை உவமையாக்கித்தான் உரை சொல்கிறார்கள். ரோஜா என்று நினைத்துப் படித்தால் பாட்டே குழம்பிப்போகும். தாமரைத் தண்டிலும் முள் உண்டு என்பதால் சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது, பழக்கம்தான் வேறு.

பன்னீர்ப்பூ என்று சொல்லலாமே என்றால் அங்கேயும் இடிக்கிறது. தமிழ்நாட்டில் பன்னீர் மரம் என்று தனியாக ஒரு மரம் இருக்கிறது. வெள்ளையாக, இரவில் மணக்கும் பூ. திருச்செந்தூரில் பன்னீர் இலையில் வைத்துத் திருநீறு தருவதைப் பார்த்திருப்பீர்கள். ரோஜா முழுவதற்கும் அந்தப் பெயரை வைத்தால் அந்த மரத்தின் பெயர் தடுமாறும்.

என் தீர்ப்பு இதுதான். பூவுக்குப் பொதுப் பெயராக ரோஜா, ரோசா இரண்டும் இருக்கட்டும். ஜன்னலையும் சாவியையும் போல நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. கிரந்த எழுத்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் தயங்காமல் ரோசா எழுதலாம். கவிதையிலும் பெண்குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதும் முளரி மலரட்டும். பன்னீர் ரோஜா என்பதை மட்டும் அந்த ஒரு வகைக்கே காப்பாற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் செடி வாங்கும்போது அந்தப் பெயர்தான் உதவுகிறது.

நர்சரியில் 'ரோஸ் செடி' என்று பொதுவாகக் கேட்டால், கையில் வருவது பெரும்பாலும் நீளக் காம்பில் ஒற்றையாகப் பெரிய பூ விடும் ஒட்டுரகம். ஹைபிரிட் டீ என்ற வகை. 1867இல் பிரான்சில் வெளியான 'லா பிரான்ஸ்' அதன் முதல் செடியாகக் கருதப்படுகிறது. பெயரில் உள்ள 'டீ', தேயிலை மணம் உள்ளவை என்று சொல்லப்பட்ட சீன ரோஜாக்களின் வழி வந்தது. ஓசூரிலிருந்து காதலர் தினத்துக்கு ஏற்றுமதியாகும் 'தாஜ்மஹால்' போன்ற சிவப்பு ரோஜாக்களும் இந்தத் தோற்றம்தான். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் சமவெளி வெயிலில், மொட்டைமாடித் தொட்டியில், முதல் முறை வளர்ப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பூவோடு வாங்கிய செடி மழைக்காலத்தில் கரும்புள்ளி விழுந்து இலை முழுவதும் உதிர்த்து நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

பன்னீர் ரோஜாவைக் கேட்டு வாங்குங்கள். வெளிர் ரோஸ் நிறம், கொத்தாகப் பூக்கும், பறித்த அன்றே இதழ் உதிரத் தொடங்கும். பூஜாடிக்கு ஆகாது, மாலைக்கும் குல்கந்துக்கும் தலையில் வைக்கவும் இதுதான். மணத்தில் ஒட்டுரகங்கள் பலவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். சொந்த வேரில் நிற்பதால், அடியிலிருந்து கிளம்பும் தளிரும் அதே பன்னீர்தான்.

ஒட்டுச்செடியில் அப்படி இல்லை. தண்டின் அடியில் புடைத்த முடிச்சு ஒன்று இருக்கும், அதுதான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் தளிர் வேர்ச்செடியுடையது, அதாவது வேருக்காக அடியில் வைத்த வேறொரு செடியுடையது, நீங்கள் காசு கொடுத்த ரோஜாவுடையது இல்லை. விட்டுவைத்தால் மேலே உள்ள செடியின் உணவை எல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். சிற்றிலை ஐந்தா ஏழா என்று எண்ணி மட்டும் இது எந்தச் செடியின் தளிர் என்று முடிவு செய்யாதீர்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தளிர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, பிறந்த இடத்திலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி வையுங்கள்.

மற்றபடி இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: ஆறு மணி நேர நேர் வெயில், தண்ணீர் தேங்காத செம்மண் கலவை, மக்கிய தொழுவுரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கவாத்து. காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் கிளை எல்லாவற்றையும் நீக்கி, நல்ல கிளைகளை வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவினால் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும் நோய் எளிதில் எட்டாது. அப்புறம் பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளாமல், கீழே வரும் முதல் ஐந்திலைக் காம்புக்கு மேலே வெட்டினால் அடுத்த துளிர் வலுவாக வரும்.